மாரடைப்புக்குப் பிறகு நட்ஸ்: எத்தனை, எதற்குப் பதிலாக?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஏழு வாரங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து வருடமாகச் சர்க்கரையும் இருக்கிறது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணெய், தேங்காய், கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையும் இரவும் அரிசிக் கஞ்சி, நடுவில் ரஸ்க், இளநீர். எடை 5 கிலோ குறைந்துவிட்டது. படி ஏறினாலே அசதியாக இருக்கிறது என்கிறார். பார்க்க வருகிறவர்கள் பாதாம், முந்திரி, பிஸ்தா டப்பாவோடு வருகிறார்கள். தினமும் வால்நட் சாப்பிட்டால் அடைப்பு கரைந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். "கொட்டை எல்லாம் கொழுப்பு, நெஞ்சில் வாயு பிடிக்கும்" என்கிறார் என் மாமியார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் காய்ச்சிய மருந்தும் ஒரு பாட்டில் வந்திருக்கிறது. நட்ஸ் கொடுக்கலாமா? எத்தனை? எண்ணெய், தேங்காய், முட்டை, மீன் எல்லாம் எப்படி? இப்போது சாப்பிடும் மாத்திரைகள்: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு.
வாசகி, விருதுநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நட்ஸ் கொடுக்கலாம், இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது நட்ஸ் அல்ல, கஞ்சிதான். அதை முதலில் பேசிவிடுவோம்.

இதயத்துக்கு ஓய்வு என்று நினைத்து நம் வீடுகளில் கஞ்சி, ரஸ்க், இளநீர் என்று கொடுப்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அது சரி. ஏழு வாரத்துக்குச் சரியில்லை. அரிசிக் கஞ்சி என்பது கரைந்த மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிக்கு அது குடித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரத்தில் பசியையும் கொண்டுவரும். ரஸ்க் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்தது, பல ரகங்களில் வனஸ்பதியோ பாமாயிலோ இருக்கும். இந்த இரண்டிலும் புரதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உங்கள் கணவரின் எடை 65 கிலோ அளவில் இருந்தால், அவருக்கு நாளுக்கு 65 கிராம் புரதமாவது வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் அதில் பாதிகூடத் தேறாது. குறைந்த 5 கிலோவில் கணிசமான பங்கு சதையாக இருக்கும். படி ஏறும்போது வரும் அசதிக்கு அது ஒரு காரணம். ஒரு காரணம் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன்: இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் அசதி தரும், இதயத்தின் பம்பு பலம் குறைந்திருந்தாலும் அசதி வரும். ஆகவே அசதியைச் சாப்பாட்டின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. சர்க்கரையை இறக்கும் மாத்திரையான கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டு அரை வயிற்றுக் கஞ்சியோடு நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வழக்கமாக அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மெட்டோப்ரோலால் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்து, பேச்சு குழறினால் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் பாதாமோ கடலை மிட்டாயோ கொடுக்கக் கூடாது. கொழுப்பு கலந்திருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். வியர்வையோடு நெஞ்சில் அழுத்தமும் இருந்தால் அது வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நட்ஸ். அடைப்பு கரையுமா என்ற கேள்விக்கு நேர்ப் பதில்: கரையாது. ஸ்டென்ட் வைத்த இடத்தில் அடைப்பு கரைக்கப்படவில்லை, ரத்தக்குழாயின் சுவரோடு ஒதுக்கி அழுத்தப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் புதிதாகப் படியாமல் இருக்கவும், இருப்பது வெடிக்காமல் இருக்கவும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். இறங்க வேண்டும். நட்ஸ் அதை இறக்கும், உண்மைதான். 25 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2010-ல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சராசரியாக 67 கிராம் நட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 7 சதவீதம் குறைந்திருந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம் அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மருந்து எது சாப்பாடு என்பது விளங்கிவிடும்.

அப்படியானால் நட்ஸ் எதற்கு? கொலஸ்ட்ராலைத் தாண்டியும் பலன் இருக்கிறது என்பதால்தான். ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ப்ரெடிமெட் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 30 கிராம் நட்ஸ் கொடுத்தார்கள்: வால்நட் 15, பாதாம் 7.5, ஹேசல்நட் 7.5. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 2013-ல் வந்த அந்தக் கட்டுரை, ஆட்களைப் பிரித்த முறையில் இருந்த குறையால் திரும்பப் பெறப்பட்டு, மறுகணக்குப் போட்டு 2018-ல் மறுபடி வந்தது. முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் அதுவரை இதயநோய் வராதவர்கள். உங்கள் கணவருக்கு நெருக்கமான ஆய்வு, அதே நாட்டில் கோர்தோபா நகரில் இதயநோயாளிகள் 1,002 பேரை ஏழு ஆண்டு தொடர்ந்து பார்த்த கோர்டியோப்ரெவ். 2022-ல் முடிவு வந்தது. கொழுப்பைப் பொதுவாகக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட, ஆலிவ் எண்ணெய், நட்ஸ், மீன், காய்கறி, பயறு என்று நல்ல கொழுப்போடு சாப்பிட்டவர்களுக்குத்தான் மறுபடி வரும் இதயப் பிரச்சினைகள் குறைவாக இருந்தன. எல்லாக் கொழுப்பையும் மூட்டை கட்டி வைத்த உங்கள் வீட்டுக்கு இந்தச் செய்தி முக்கியம்.

இந்த இரண்டு ஆய்விலும் நட்ஸ் தனியாக வேலை செய்யவில்லை. வேறு எதையோ தட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தது. நம் ஊரில் தவறு நடப்பதும் இங்கேதான். மூன்று வேளைச் சாப்பாடு, மாலை டீக்குச் சேவு, எல்லாம் அப்படியே இருக்க, படுக்கப் போகும்முன் "இதயத்துக்கு நல்லது" என்று ஒரு கைப்பிடி முந்திரி. 30 கிராம் நட்ஸில் 170 முதல் 190 கலோரி வரை இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று இட்லிக்குச் சமம். மேலதிகமாகப் போட்டால் எடையும் சர்க்கரையும் ஏறும், பிறகு "நட்ஸ் சாப்பிட்டும் பயனில்லை" என்பார்கள்.

ஆகவே என் கணக்கு இப்படி: நாளுக்கு 30 கிராம், உப்பில்லாதது, வறுத்தாலும் எண்ணெய் விடாமல் வறுத்தது, மாலை நொறுக்குத் தீனிக்குப் பதிலாக. உங்கள் ஊர்ப் பக்கம் சோதனை அதிகம் என்று தெரியும். ஒரு பக்கம் சாத்தூர் சேவு, ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இரவானால் எண்ணெயில் முங்கி எழும் விருதுநகர் பரோட்டா. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மாலை ஐந்து மணிப் பசியில் கை போகும் இடம் எது என்று நீங்களே அறிவீர்கள். அந்த ஐந்து மணியை நட்ஸ் பிடித்துக்கொண்டால் அதுவே பெரிய லாபம்.

கைப்பிடி என்ற அளவை நம்பாதீர்கள். ஆண்களின் கைப்பிடி 45 கிராமைக்கூடத் தாண்டும். மளிகைக் கடையில் தராசுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு சின்ன டப்பாக்களில் 30 கிராம் வீதம் நிறுத்துப் போட்டு, தினம் ஒன்றைக் கடைக்குக் கொடுத்தனுப்புங்கள். உள்ளே என்ன போடலாம்? வறுத்த நிலக்கடலை 15 கிராம், பாதாம் 6, முழு வால்நட் 2. இது 30 கிராம் கணக்குக்குச் சரியாக வரும். வால்நட் விலை கட்டுப்படியாகாவிட்டால் கவலைப்பட வேண்டாம். முழுக்க முழுக்க நிலக்கடலையாகவே 30 கிராம் கொடுத்தாலும் போதும். தாவர நூல்படி அது பயறு வகை, ஆனால் கொழுப்பின் தன்மையில் நட்ஸோடுதான் சேரும். விலை குறைந்ததாலேயே அதை யாரும் நோயாளியைப் பார்க்க வாங்கிக்கொண்டு வருவதில்லை.

வால்நட்டில் மட்டும் சிறப்பாக இருப்பது ஆல்பா லினோலெனிக் எனும் ஒமேகா-3 கொழுப்பு. அது ஆளிவிதையில் இன்னும் அதிகம். ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்த ஆளிவிதை, ஒமேகா-3 கணக்கில் ஏறத்தாழ 18 கிராம் வால்நட்டுக்குச் சமம். முழு விதையாகச் சாப்பிட்டால் அப்படியே வெளியே போய்விடும், பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். லேசாக வறுத்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இட்லிப் பொடியோடு கலந்தால் தெரியாது.

முந்திரி விஷமில்லை. பாதாமைவிட அதில் எல்.டி.எல்.-ஐ ஏற்றும் நிறைகொழுப்பு சுமார் இரண்டு மடங்கு, நார்ச்சத்து குறைவு, அவ்வளவுதான். வந்திருக்கும் முந்திரியில் நாளுக்கு ஐந்தாறு, 30 கிராமுக்குள் அடங்கும்படி கொடுக்கலாம். ஆனால் பிஸ்தாவும் முந்திரியும் பெரும்பாலும் உப்பு போட்டே வருகின்றன. டப்பாவின் பின்புறம் பாருங்கள், உப்பு என்று இருந்தால் அவருக்கு வேண்டாம். கழுவிக் கொடுக்கிறேன் என்று தண்ணீரில் அலசினால் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். தேன் தடவியது, சாக்லேட் பூசியது, மசாலாக் கடலை என்று கடலைமாவில் தோய்த்துப் பொரித்தது எதுவும் நட்ஸ் கணக்கில் வராது. கோவில்பட்டி கடலை மிட்டாயும் அப்படித்தான். அதில் இருக்கும் வெல்லம் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைதான்.

பாதாமை ஊறவைப்பதும் தோலை உரிப்பதும் அவரவர் விருப்பம். பல் வலுவாக இருந்தால் தோலோடு மென்று தின்பதே நல்லது, தோலிலும் நார்ச்சத்து இருக்கிறது. பல்செட் போட்டிருந்தால் ஊறவைத்தோ பொடித்துத் தயிரில் கலந்தோ கொடுங்கள். கடித்ததும் கசந்தால் அந்தப் பாதாமைத் துப்பிவிடச் சொல்லுங்கள்.

நிலக்கடலையில் கவனிக்க வேண்டியது பூசணம். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகவோ மஞ்சளாகவோ புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தின் அஃப்ளடாக்சின் நஞ்சு வீட்டில் வறுப்பதாலோ அவிப்பதாலோ போய்விடாது, அது கல்லீரலைக் கெடுக்கும். கடைக்காரர் வீட்டில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் விற்காமல் தங்கிய மூட்டையின் அடிக்கடலைதான் பல நேரம் வீட்டுக்கு வருகிறது. அவித்த கடலை என்றால் நீர் ஏறியிருக்கும், தோடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்துக்கொள்ளலாம். அவிக்கும்போது உப்பை அள்ளிப் போடாதீர்கள். வால்நட் சீக்கிரம் காறிப்போகும். காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் வையுங்கள். காறல் வாடை வந்ததை "வீணாக்க வேண்டாம்" என்று சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

உங்கள் மாமியார் சொன்ன வாயு விஷயத்தை லேசாக விட மாட்டேன். கடலை நிறையத் தின்றால் சிலருக்கு வயிறு உப்பும், உண்மை. வழக்கமில்லாதவர் என்றால் முதல் வாரம் 10 கிராம், அடுத்த வாரம் 20 கிராம் என்று ஏற்றுங்கள். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சில் வரும் அழுத்தத்தை "கடலை தின்றது, வாயு" என்று சொல்லிப் பெருங்காயமும் சோடாவும் கொடுப்பது, நேரத்தைத் தொலைக்கும் வழி. அதுவும் சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி முழு வீரியத்தோடு வராமல், வெறும் இறுக்கமாகவோ மூச்சு முட்டலாகவோ, வியர்வையாகவோ வரலாம். உட்கார வைத்து ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டதும் நடந்தால் நெஞ்சு இறுகுகிறது என்றால், அது வாயு இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

தேங்காய்க்கு வருவோம். அவருக்கு நாளுக்கு 1,800 கலோரி என்று வைத்துக்கொண்டால், நிறைகொழுப்பு 12 கிராமுக்குள் இருப்பது நல்லது. தேங்காய்ச் சட்னியில் ஒருவர் பங்குக்கு 30 கிராம் தேங்காய் போகிறது என்றால், அதிலேயே 9 கிராம் போய்விடும். அதே 30 கிராம் நிலக்கடலையில் சட்னி அரைத்தால் நிறைகொழுப்பு 2 கிராம்தான். எனவே தேங்காய்ச் சட்னியின் இடத்தில் கடலைச் சட்னி. நான் இந்தக் கடிதத்தில் சொல்லும் மாற்றங்களில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு பேருக்கு: தோலோடு வறுத்த கடலை 40 கிராம், காய்ந்த மிளகாய் 3, பூண்டு 2 பல், கொட்டைப்பாக்கில் பாதி அளவு புளி, உப்பு கால் டீஸ்பூன். தாளிக்க அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். புளியும் பூண்டும் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. அவர் பங்கு 20 கிராம் கடலை. அன்றைக்கு மாலை டப்பாவில் 10 கிராம் போதும்.

பொரியலில் ஒரு டீஸ்பூன் தேங்காய்த் துருவல் தூவினால் ஒன்றும் ஆகாது. குருமாவில், குழம்பில் அரைத்து ஊற்றுவதையும் தேங்காய்ப்பாலையும் விடுங்கள்.

எண்ணெயை முழுக்க நிறுத்தியது தேவையில்லாத தண்டனை. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளுக்கு 3 டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் போதும். செக்கில் ஆட்டியதா என்பது மணத்துக்கும் சுவைக்கும் உள்ள வித்தியாசம், கொழுப்பின் அமைப்பு அதேதான். செக்கெண்ணெய் என்பதற்காகக் கூடுதலாக ஊற்ற அனுமதி கிடையாது. ரேஷன் பாமாயிலில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு, அவருக்கு வேண்டாம். வடை சுட்ட எண்ணெயை மறுநாள் குழம்புக்குத் தாளிப்பதும் வேண்டாம். பால் பாக்கெட்டில் கொழுப்பு சதவீதம் அச்சிட்டிருக்கும். 3 அல்லது அதற்குக் கீழே இருப்பதை வாங்குங்கள், 6 சதவீதப் பால் குழந்தைகளுக்கு இருக்கட்டும்.

முட்டையின் வெள்ளைக்கருவைத் தினமும் இரண்டு கொடுக்கலாம். மஞ்சள் கருவோடு வாரத்துக்கு மூன்று போதும். மீன் வாரம் இரண்டு நாள், சமைக்கும்முன் 120 கிராம் அளவு, குழம்பாகவோ தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுட்டோ. தூத்துக்குடியிலிருந்து உங்களுக்குச் சாளை, அயிலை, நெத்திலி வருகின்றன. வஞ்சிரத்தைவிட விலை குறைந்த இந்த எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள்தான் இதயத்துக்கு வேண்டியவை. கருவாடு வேண்டாம், உப்பு. ஆட்டுக்கறி மாதம் ஒன்றிரண்டு முறை, கொழுப்பு நீக்கி, நான்கைந்து துண்டு. ஈரல், மூளை, குடல், பாயா இவற்றை மறந்துவிடலாம்.

உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. இதை ஒவ்வொரு குழம்பிலும் அளப்பது நடக்காத காரியம். எளிய வழி: நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளுக்கு முன்னால் தீர்ந்தால் உப்பு அதிகம் என்று பொருள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வற்றல் இருந்தால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். அப்பளத்தைச் சுட்டுத் தின்றால் எண்ணெய் மிச்சம், உப்பும் சோடாவும் அப்படியே இருக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம். ராமிப்ரில் மாத்திரை பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தால் அது இதயத்துடிப்பையே குழப்பிவிடும். தினமும் இளநீர் என்பதையும் இதே காரணத்துக்காக நிறுத்துங்கள். பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் சரியாக இருந்தால் வாரத்துக்கு ஒன்றிரண்டு குடிக்கலாம்.

இப்போது ஒரு நாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காலையில் இட்லி மூன்று அல்லது கம்பு தோசை இரண்டு, காய் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், கடலைச் சட்னி. பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, அல்லது உப்புக் குறைந்த மோர். மதியம் சோறு ஒன்றரைக் கப், தட்டில் சோற்றைவிடக் காயும் கீரையும் அதிகம், பருப்பு அல்லது மீன் குழம்பு, தயிர். ஐந்து மணிக்கு சர்க்கரையில்லாத டீ, நட்ஸ் டப்பா. சில நாள் அதற்குப் பதிலாகச் சுண்டல். இரவு எட்டு மணிக்குள் சப்பாத்தி இரண்டு, பயறுக் கூட்டு, வெள்ளைக்கரு. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் அதைச் செரிக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், அதனால் சிறிதாக, ஐந்து வேளை. சாப்பிட்ட உடனே நடைப்பயிற்சி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். மலச்சிக்கலில் முக்குவது கூடாது என்பதற்காகவும் இந்தக் கீரையும் பயறும் தேவை.

அந்தப் பாட்டிலைப் பற்றி. பூண்டு, இஞ்சி, எலுமிச்சை மூன்றும் சமையலில் தாராளமாக இருக்கட்டும். காய்ச்சி வடிகட்டித் தேன் கலந்து, காலையில் வெறும் வயிற்றில் குடிப்பதால் அடைப்பு போகாது. தேன் சர்க்கரையை ஏற்றும். புளிப்பும் காரமும் ஆஸ்பிரின் சாப்பிடும் வயிற்றை மேலும் அரிக்கும். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ஏற்கெனவே ரத்தம் உறைவதைத் தடுக்கின்றன, அதற்கு மேல் பச்சைப்பூண்டுச் சாறு, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை என்று ஏற்றிக்கொண்டே போனால் ரத்தக்கசிவு வரலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இவற்றைவிட மோசமானது, "இயற்கை மருந்து எடுக்கிறோமே" என்று மாத்திரையை நிறுத்துவது. ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் குளோபிடோகிரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, இரண்டாவது மாரடைப்பு வரலாம்.

கீரை சாப்பிடக் கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு வகை மாத்திரைகளான வார்ஃபரின், அசெனோகுமரால் சாப்பிடுகிறவர்களுக்கான எச்சரிக்கை. அவர்கள்கூடக் கீரையை விட வேண்டியதில்லை, அளவை நாளுக்கு நாள் மாற்றாமல் இருந்தால் போதும். உங்கள் கணவரின் பட்டியலில் அந்த மாத்திரைகள் இல்லை. முருங்கைக்கீரை தாராளமாகச் சமையுங்கள்.

நான் சொன்ன அளவுகள் மாற வேண்டிய இடங்களும் இருக்கின்றன. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பு சதவீதம் 40 அல்லது அதற்குக் கீழே என்று எழுதியிருந்தால், தண்ணீரையும் உப்பையும் இன்னும் இறுக்க வேண்டியிருக்கும். நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மருத்துவரே சொல்வார். காலையில் சிறுநீர் கழித்தபின் தினமும் எடை பாருங்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கிரியேட்டினின் கூடியிருந்தால் நட்ஸ், பயறு இரண்டின் அளவையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் பாதாமைக் குறைத்துக்கொள்ளலாம், அதில் ஆக்சலேட் அதிகம். கடலை தின்றால் உதடு வீங்கும், தடிப்பு வரும் என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

ஏழு வாரம் ஆகிவிட்டதால் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும், 50-க்குக் கீழே கேட்கும் மருத்துவர்களும் உண்டு. அதோடு கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி-யை மாரடைப்பின்போது பார்த்ததிலிருந்து மூன்று மாதம் முடிந்தபின் பார்த்தால் போதும். கஞ்சியை விட்டு இட்லி, பயறு, நட்ஸுக்கு மாறும் முதல் இரண்டு வாரம், காலை வெறும் வயிற்றிலும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் வீட்டு மீட்டரில் சர்க்கரையைக் குறித்து வாருங்கள். அந்தத் தாளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் எடுத்துப் போனால், கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.